கொல்லையில் ஒரு குளவி

ஆகஸ்ட் 4, 2024

அடிபம்புக்குக் கீழே எப்போதும் ஈரம். அங்கே ஒரு குளவி வந்து மண் எடுத்தது. கறுப்பு உடம்பு, மஞ்சள் கால், நூல் இடுப்பு. மண்ணை உருட்டும்போது ‘ஙொய்ங்’கென்று சத்தம் கூடுகிறது, சின்னவன் தரையில் காதை வைத்துப் படுத்துவிட்டான். சீண்டாதவரை இது லேசில் கொட்டாது, அதனால் விட்டுவிட்டேன். படத்தோடு ஒப்பிட்டதில் ‘ஸெலிஃப்ரான் மதராஸ்பட்டானம்’ மாதிரி தெரிகிறது. 1781-இல் ஃபாப்ரீசியஸ் என்ற பூச்சி ஆய்வாளர் வைத்த அறிவியல் பெயர், நம்ம ஊர்க்காரிதான். இந்த வார ஹோம்ஸ்கூல் அட்டவணையில் காந்தம் இருந்தது. காந்தம் எங்கும் பறந்துவிடாது.

ஆகஸ்ட் 6

கூடு ஜன்னல் மூலையில். அத்தைக்கு ஒரே சந்தோஷம். “குளவி கூடு கட்டுனா வீட்ல புள்ள பொறக்கும், கைய வச்சுராதீக.” எனக்கு இரண்டே போதும். கூடவே பழைய கதையும் வந்தது: குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து அடைத்து, கொட்டிக் கொட்டியே குளவியாக்கிவிடும். பெரியவள் அதை நோட்டில் அப்படியே எழுதி, பக்கத்தில் ‘பார்க்கணும்’ என்று போட்டுக்கொண்டாள். பொய் என்று நானே சொல்லியிருந்தால் பாடம் அதோடு முடிந்திருக்கும்.

ஆகஸ்ட் 8

மோட்டார் ரூமில் இன்னொரு கூடு. அது வீட்டுக் கணக்கில் வராது என்று வாதாடி அத்தையிடம் அனுமதி வாங்கிவிட்டாள் பெரியவள். ஈரம் காயாத ஓர் அறையைப் பேனாக்கத்தியால் திறந்தோம். புழு இல்லை. பதினொரு சிலந்திகள், திணித்துத் திணித்து. வெள்ளைத்தாளில் பரப்பி லென்ஸில் பார்த்தால் எல்லாவற்றுக்கும் எட்டுக் கால், உடல் இரண்டே பகுதி. குளவிக்கு ஆறு கால், மூன்று பகுதி. பூச்சிக்கும் சிலந்திக்கும் உள்ள வித்தியாசத்தை நான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒன்றுக்கு முன்பக்கம் இரண்டு பெரிய கண்கள், குதிக்கும் சிலந்தி. “சன்னல்ல இருந்த நம்மாளாம்மா?” சின்னவனுக்குக் குரல் தழுதழுத்தது.

பிரஷ் நுனியால் தொட்டால் கால் துடிக்கிறது. சாகவில்லை, முடங்கிக் கிடக்கின்றன. செத்துவிட்டால் சீக்கிரமே அழுகிவிடும். குளவியின் விஷம் இரையைக் கெடாமல் பதப்படுத்துகிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள். வண்டு பிடிக்கும் குளவிகளைக் கவனித்த பிரான்ஸின் பூச்சி ஆய்வாளர் ஃபாப்ர், இரை உயிரோடுதான் முடக்கப்படுகிறது என்று 1855-இல் எழுதினார். அப்புறம் பெரியவள்தான் கண்டுபிடித்தாள்: ஒரு சிலந்தியின் வயிற்றில் வெள்ளையாக, சற்றே வளைந்து ஒரு முட்டை.

ஆகஸ்ட் 11

எல்லாவற்றையும் கண்ணாடிக் குப்பியில் போட்டு, வாயில் துணி கட்டி அலமாரியில் வைத்திருந்தோம். முட்டை பொரிந்துவிட்டது. புழு சாப்பிடுகிறது. சின்னவன் பார்க்க மாட்டேனென்று குழியானை தேடப் போய்விட்டான். சரி, அதுவும் பாடம்தான்.

ஆகஸ்ட் 18

சிலந்திக் கால்கள்தான் மிச்சம். புழு தன்னைச் சுற்றிப் பழுப்பாக ஓர் உறை நூற்றுக்கொண்டது. அத்தை லென்ஸை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

“கொட்டுறது நெசந்தானே?”

“கொட்டுனது சிலந்திய, அப்பத்தா. புழு அதோட சொந்தப் புள்ள.”

“அப்ப அடைச்சு வச்சது சோறு.”

நோட்டில் முடிவு என்ற இடத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறாள்.

ஜன்னல் கூட்டுக்கு இன்று புது ஆள். பச்சையாக மின்னும் ஒரு குளவி, தாய்க்குளவி இல்லாத நேரம் பார்த்துச் சுற்றுகிறது. அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் கூட்டத்தைச் சேர்ந்தது போலிருக்கிறது. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.