டாக்டருக்கே மார்பகப் புற்றுநோய் வந்தா: பயாப்சிலேருந்து ரேடியேஷன் வரைக்கும் நான் கடந்து வந்தது

எனக்கு மார்பகப் புற்றுநோய்னு தெரிஞ்சப்போ வயசு 44. நான் மகப்பேறு டாக்டர், தென் மாவட்டத்துல ஒரு நடுத்தர ஊர்ல வேலை. டிரீட்மென்ட் எல்லாம் முடிஞ்சு இப்போ மறுபடி ஓபி பாக்குறேன். கூடப் படிச்ச ஒருத்திக்கு சமீபத்துல இதே வியாதின்னு வந்துச்சு, போன் பண்ணி "நீ எப்படிடி பேஷன்ட்டா உக்காந்த?"ன்னு கேட்டா. அவளுக்கு சொன்னதையெல்லாம்தான் இங்க எழுதுறேன், மத்த டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் பயன்படும், அவங்க வீட்டு ஆளுங்களுக்கும்தான்.

டாக்டருக்கு உடம்பு சரியில்லன்னா ராஜ கவனிப்பு கிடைக்கும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. கவனிப்பு கிடைக்குது, மறுக்கல. ஆனா வழக்கமா ஒரு நோயாளிக்கு நடக்க வேண்டிய சில விஷயங்கள் நமக்கு நடக்காமப் போயிடுது, அன்புனாலயும் மரியாதையினாலயுமே போயிடுது. அதுதான் ஆபத்து.

முதல்ல அந்த பயாப்சி விஷயம், அதாவது சந்தேகமான இடத்துலேருந்து துளி சதை எடுத்து டெஸ்ட் பண்றது. குளிக்கும்போது இடது மார்புல ஒரு கட்டி கையில தட்டுப்பட்டுச்சு, கெட்டியா, வலியில்லாம, அசையாம. அந்த வாரமே மார்பகத்தை எடுக்கற எக்ஸ்ரேயான மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுத்தேன். படத்தைப் பாத்த சர்ஜன் எனக்கு நல்ல பழக்கம், என் மேல ரொம்பப் பிரியம் உள்ளவர், "எதுக்கு மேடம் ஊசி கீசின்னு அலையுறீங்க, நாளைக்குக் காலைல தியேட்டர் ஃப்ரீயா இருக்கு, வந்துடுங்க, கட்டியை எடுத்து அனுப்பிடலாம், ரெண்டே நாள்ல தெரிஞ்சுடும்"னாரு. மனசு அப்படியே அந்தப் பக்கம் சாஞ்சுது, உண்மையைச் சொல்றேன், உடம்புல இருக்கற அதை யாராவது இன்னிக்கே எடுத்துட்டா போதும்னு தோணுச்சு. ஆனா என் ஓபிக்கு இப்படி ஒரு அம்மா வந்தா நான் என்ன சொல்லி அனுப்புவேன்? மொதல்ல தடிமனான ஊசியால சதை எடுக்கற கோர் நீடில் பயாப்சி, அதுல இஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர் 2 (கட்டியை வேகமா வளர வெக்கற ஒரு புரதம்) பாக்கணும், அக்குள்ல நெறி இருந்தா அதுலயும் ஊசி போட்டுப் பாக்கணும், அப்புறம்தான் ஆபரேஷன் முன்னாடியா கீமோ முன்னாடியான்னே முடிவு பண்ண முடியும். என்னன்னு தெரியாம கட்டியை மட்டும் அறுத்து எடுத்துட்டா ஓரத்துல மிச்சம் நிக்கலாம், மறுபடி அறுக்க வேண்டி வரும், கீமோ கொடுத்து கட்டி சுருங்குதான்னு பாக்கற வாய்ப்பும் போயிடும். அவருகிட்ட நன்றி சொல்லிட்டு, "எனக்கும் அந்த ஊசியையே போட்டுடுங்க சார்"னேன். நம்ம ஊர்கள்ல எத்தனையோ பெண்களுக்கு இந்த ஊசி போடாமலே கட்டியை எடுத்துடறாங்க, அதுக்கப்புறம்தான் கேன்சர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க, இதைப் பத்தி எனக்கு ரொம்ப வருஷமாவே ஆதங்கம் உண்டு.

ரிப்போர்ட் வந்த விதம்தான் எனக்கு இன்னும் வலிக்குது. அது என் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே நாலு பேருக்குத் தெரிஞ்சிருந்தது. யாரோ ஒருத்தர் பாத்து, இன்னொருத்தர்கிட்ட வருத்தத்தோட சொல்லி, அவங்க எனக்கு போன் பண்ணி "தைரியமா இரு"ன்னாங்க. எதுக்கு தைரியமா இருக்கணும்னே அப்போ எனக்குத் தெரியாது. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, ஆனா ஒரு சாதாரண பேஷன்ட்டோட ரிப்போர்ட்டை இப்படிப் பேசிருக்க மாட்டாங்கல்ல. அதுக்கப்புறம் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து முடிவு பண்ணி டிரீட்மென்ட்டை வெளியூருக்கு மாத்திக்கிட்டோம். பேரு, வயசு எழுதிட்டு தொழில்ங்கற இடத்துல டாக்டர்னும் எழுதினேன், மறைக்கல, ஆனா ரிப்போர்ட் என்கிட்டயோ இவர்கிட்டயோ தவிர யார் கைக்கும் போகக்கூடாதுன்னு மொத நாளே சொல்லிட்டேன். டாக்டர்களா இருக்கறவங்க இதைக் கட்டாயம் செய்யுங்க, கேக்கறதுக்குக் கூச்சமா இருக்கும், இருந்தாலும் கேளுங்க.

கட்டி 2.6 சென்டிமீட்டர், அக்குள் நெறியிலயும் கேன்சர் செல் இருந்துச்சு. இஆர் பாசிட்டிவ், பிஆர் பாசிட்டிவ், ஹெர் 2 மட்டும் ரெண்டு பிளஸ்னு வந்து, அந்த ஜீன் கூடுதலா இருக்கான்னு பாக்கற ஃபிஷ் டெஸ்ட்டுக்குப் போச்சு. ரெண்டு பிளஸ்னா ரெண்டுங்கெட்டான், பாசிட்டிவ்னும் சொல்ல முடியாது நெகட்டிவ்னும் சொல்ல முடியாது. ஹெர் 2 பாசிட்டிவா இருந்தா அதை அடக்கற டிராஸ்டுசுமாப்ங்கற மருந்து ஒரு வருஷம் போடணும், திட்டமே மாறிடும். காத்திருந்து கடைசியில நெகட்டிவ்னு வந்துச்சு.

இந்தக் காத்திருப்புல மனசு எங்கெங்கயோ போச்சு. நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ சர்ஜரி வார்டுல பாத்த அம்மாக்கள், மார்பு முழுக்கப் புண்ணாகி வாடையோட, சேலையால மூடிக்கிட்டே உக்காந்திருந்தவங்க, அந்த முகங்கள்தான் ராத்திரி வந்துச்சு. கேன்சர் டாக்டரான ஆன்காலஜிஸ்ட்கிட்ட இதைச் சொன்னேன். அவர் சொன்னது எனக்குப் பெரிய மருந்து. "மேடம், நீங்க வார்டுல பாத்தது லேட்டா வந்தவங்களை மட்டும்தான். குணமாகிப் போனவங்க உங்க வார்டுக்குத் திரும்பி வரல, அவங்க வீட்டுல சமைச்சுட்டு இருக்காங்க. உங்க ஞாபகத்துல அவங்க யாருமே இல்ல." டாக்டர்களோட பயம் இப்படித்தான், பாத்ததெல்லாம் மோசமானது மட்டுமே. 2022 கணக்குப்படி அந்த ஒரே வருஷத்துல இந்தியாவுல சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதுசா இந்த வியாதி வந்திருக்கு, அதுல வார்டுல நம்ம கண்ணுல பட்டவங்க எத்தனை பேர்?

அதே ஆன்காலஜிஸ்ட் மொத நாள் பேச ஆரம்பிச்சப்போ "உங்களுக்குத் தெரியாததா மேடம், ஏசி நாலு, அப்புறம் வீக்லி பாக்ளி, ஆர்டி, ஹார்மோன்"னு ஒரே மூச்சுல முடிச்சுட்டாரு. ஏசி, பாக்ளி ரெண்டும் கீமோ மருந்துகளோட சுருக்கப் பேரு, ஆர்டின்னா ரேடியேஷன். எனக்கு ஏசி தெரியும், பேரு தெரியும். நான் படிச்சது பிரசவம் பாக்க, கேன்சரைப் பத்தி நான் பரீட்சைக்குப் படிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுவும் காதுல என் பேரும் கேன்சரும் சேர்ந்து விழும்போது மண்டைக்குள்ள எதுவுமே ஏறல. அப்போதான் கேட்டேன், "சார், நான் டாக்டர்ங்கறதை மறந்துடுங்க, பிளஸ் டூ படிச்ச ஒரு அம்மா வந்திருக்காங்கன்னு நினைச்சு மொதல்லேருந்து சொல்லுங்க." அவர் ஒரு நிமிஷம் பாத்துட்டு, பேப்பர் எடுத்து மார்பு வரைஞ்சு, அக்குள் வரைஞ்சு, ஒவ்வொண்ணா சொன்னாரு. இவர் பேங்க்ல வேலை பாக்குறவர், ஒரு நோட்டு வெச்சு எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு, "முடி எப்போ கொட்டும், எப்போ காய்ச்சல் வந்தா பயப்படணும், சாப்பாடு என்ன"ன்னு கேட்டதெல்லாம் அவர்தான். நானா இருந்தா அதையெல்லாம் கேட்டிருக்கவே மாட்டேன், கேட்டா கௌரவக் குறைச்சல்னு உள்ளுக்குள்ள இருக்கும். டாக்டர் பேஷன்ட்டுக்கு மருத்துவம் தெரியாத ஒரு ஆள் கூட வரணும், கட்டாயம் வரணும்.

அன்னிக்கு ராத்திரியே வீட்டுல ஒரு விதி போட்டோம்: என் உடம்புக்கு நான் டாக்டர் இல்ல. எனக்கு நானே ஒரு மாத்திரைகூட எழுதிக்கக் கூடாது, டோஸ் மாத்தக் கூடாது, பிளட் ரிசல்ட்டை நானா பாத்து முடிவு எடுக்கக் கூடாது.

ஆபரேஷனைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். "எதுக்கு ரிஸ்க், முழுசா எடுத்துடு"ன்னு சொந்தக்காரங்களும் சொன்னாங்க, டாக்டர்கள்லயே சிலரும் சொன்னாங்க. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும் உயிர் பிழைக்கறதுல முழு மார்பை எடுத்ததுக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்லன்னு அமெரிக்காவுல பெர்னார்டு ஃபிஷரும் இத்தாலியில வெரோனேசியும் 20 வருஷம் தொடர்ந்து பாத்து 2002-லயே காட்டிட்டாங்க. எல்லாருக்கும் இது பொருந்தாது, எனக்குப் பொருந்துச்சு, செஞ்சுக்கிட்டேன். அக்குள் நெறிகளையும் எடுத்தாங்க, டிரெயின் டியூப்போட வீட்டுக்கு வந்தேன். மேல் கையோட உள்பக்கம் மரத்துப் போச்சு, அந்த நரம்போட பேரு இன்டர்காஸ்டோபிரேக்கியல், முதல் வருஷம் அனாடமி ஹால்ல தேடிக் கண்டுபிடிச்ச அதே நரம்பு.

தோள் பயிற்சியை மட்டும் விடவே கூடாது. செவுத்துல விரலால மேல மேல ஏறணும், வலிச்சாலும் தினம் செய்யணும். பிரிட்டன்ல லிஸ் ஓ'ரியோர்டன்னு ஒரு டாக்டர், மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் பண்ற சர்ஜன், அவங்களுக்கே 2015-ல, 40 வயசுல இதே வியாதி வந்துச்சு. 2018-ல திரும்பவும் வந்து, அந்த டிரீட்மென்ட்டுக்கு அப்புறம் தோளை முன்ன மாதிரி அசைக்க முடியாம ஆபரேஷன் பண்றதையே நிறுத்த வேண்டியதாப் போச்சு. அவங்க கதை தெரிஞ்சதுலேருந்து பிசியோதெரபிஸ்ட் சொன்னதை நான் ஒரு நாளும் விடல, சிசேரியன் பண்ண இந்தக் கை எனக்கு வேணும்.

கீமோ. மருந்து ஏத்த தோலுக்கு அடியில போர்ட் வெச்சாங்க, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தாங்க, ஏசியில இருக்கற டாக்சோரூபிசின் இதயத்தை பாதிக்கலாம்ங்கறதால. அந்த மருந்து சிவப்பா இருக்கும், யூரினும் சிவப்பா போகும், அதை ரத்தம்னு நினைச்சு பயந்துடக் கூடாது. இதைச் சொன்னது சிஸ்டர் இல்ல, பக்கத்து நாற்காலியில மருந்து ஏறிக்கிட்டிருந்த கோவில்பட்டி அக்கா. கீமோ ஆரம்பிக்கற எல்லாருக்கும் ஒரு சிஸ்டர் உக்காந்து சொல்லிக் கொடுத்து ஒரு கையேடும் கொடுப்பாங்களாம், எனக்கு யாரும் வரல. கேட்டப்போ "உங்களுக்குப் போய் நாங்க என்ன மேடம் சொல்றது"ன்னு தயங்கினாங்க. கேட்டு வாங்கி வரிக்கு வரி படிச்சேன். அந்த அக்கா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தவங்க, கீமோவுல எனக்கு ரெண்டு ரவுண்டு முன்னாடி இருந்தவங்க. வாய்ப்புண்ணுக்கு உப்பும் சோடா உப்பும் போட்ட தண்ணியில கொப்புளிக்கறதுலேருந்து, முடி கொட்டறதுக்கு முன்னாடியே குட்டையா வெட்டிக்கறது வரைக்கும் எல்லாம் அவங்கதான் சொன்னாங்க. என்னை டாக்டர்னு தெரிஞ்ச பிறகும் "ஏம்மா, சாப்பிட்டியா"ன்னுதான் கேப்பாங்க. அந்த வார்டுல என்னை மேடம்னு கூப்பிடாத ஒரே ஆள் அவங்க, அது எனக்கு எவ்வளவு தேவையா இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல.

ஏசி 21 நாளுக்கு ஒண்ணு. மருந்து ஏறின ஒரு வாரத்துலேருந்து ரெண்டு வாரத்துக்குள்ள வெள்ளை அணு அடிமட்டத்துக்குப் போகும். அந்த நேரத்துல 100.4 டிகிரி தாண்டினா அது அவசரம், காலைல பாத்துக்கலாம்ங்கற பேச்சே கிடையாது. எனக்கு ஒரு ராத்திரி 101 காட்டுச்சு. அலமாரியில ஆன்டிபயாட்டிக் இருக்கு, ஊசி போடத் தெரிஞ்ச கை இருக்கு, வெளியூர் ஆஸ்பத்திரிக்கு ராத்திரியில ஓடணுமான்னு ஒரு நினைப்பு வந்துச்சு. இவர் எதுவும் பேசல, விதி எழுதின அந்த நோட்டைக் கையில எடுத்துக்கிட்டு கார் சாவியை எடுத்தாரு. ஆன்காலஜிஸ்ட்டுக்கு போன் போட்டோம், பக்கத்துலயே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வெச்சாரு, போன உடனே ரத்தத்துல கிருமி இருக்கான்னு பாக்க கல்ச்சர் எடுத்துட்டு ஊசி ஏத்தினாங்க. கிருமியோட சண்டை போடற வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் 500-க்குக் கீழ. வீட்டுல மாத்திரை போட்டுப் படுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்போ யோசிக்கக்கூட வேண்டாம்.

பாக்ளிடாக்சல் வாரா வாரம், 12 வாரம். இதுல விரல் நுனி மரத்துப் போகும். ஒரு மகப்பேறு டாக்டருக்கு விரல் நுனிதான் கண்ணு, கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்குன்னு பாக்கறதும் குழந்தையோட தலை எங்க இருக்குன்னு பாக்கறதும் அதாலதான். மருந்து ஏறும்போது கையையும் காலையும் உறைய வெச்ச உறைக்குள்ள வெச்சிருந்தா பாதிப்பு குறையும்னு ஜப்பான்ல செஞ்ச ஆய்வு 2018-ல வந்திருக்கு. டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு ஐஸ் பேக் வெச்சுக்கிட்டேன். தாங்க முடியாத குளிர்தான், ஆனாலும் வெச்சுக்கிட்டேன். இப்போ லேசா ஒரு மரமரப்பு மட்டும் மிச்சம், முடிச்சுப் போட முடியுது.

ரேடியேஷன் மத்ததை விட சுலபம். 15 தடவை, என் வயசுக்கு, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் பூஸ்ட்னு கொஞ்சம் கூடுதலா. இடது பக்கம்ங்கறதால இதயத்து மேல படாம இருக்க மூச்சை ஆழமா இழுத்துப் பிடிச்சுக்கணும், மார்பு உப்பும்போது இதயம் கதிர்ல இருந்து விலகும். உள்ள தனியாப் படுத்திருப்போம், மைக்குல "மூச்சை இழுங்க, பிடிங்க, விட்டுடாதீங்க"ன்னு குரல் வரும். லேபர் வார்டுல இத்தனை வருஷமா நான் எத்தனையோ பேர்கிட்ட சொன்ன அதே வார்த்தைகள். அப்போதான் அழுகை வந்துச்சு, ஆனா மூச்சை விடல.

இப்போ டமாக்சிஃபென்ங்கற ஹார்மோன் தடுப்பு மாத்திரை, கூடவே சினைப்பையை அடக்கற ஊசி. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளியிலயும் வளர்றது) உள்ள பெண்களுக்கு நான் எழுதற அதே ஊசிதான். நடு ராத்திரி உடம்பெல்லாம் தீயா எரிஞ்சு வேர்த்து எந்திரிக்கும்போது, "கொஞ்சம் சூடா இருக்கும்மா, சரியாயிடும்"னு நான் சொல்லி அனுப்பினவங்க எல்லாரும் ஞாபகத்துக்கு வர்றாங்க. இப்போ அவங்களுக்கு நான் அஞ்சு நிமிஷம் கூடுதலா உக்காந்து சொல்றேன், பருத்தித் துணி போடுங்க, ராத்திரி காபி வேண்டாம், தூக்கம் கெட்டா வந்து சொல்லுங்கன்னு. டமாக்சிஃபென் சாப்பிடறவங்களுக்கு மாதவிடாய் நின்ன பிறகு ரத்தப்போக்கு வந்தா கர்ப்பப்பை உள்சவ்வைப் பாக்கணும்னு எனக்குத் தெரியும், எத்தனையோ பேருக்கு அந்தச் சவ்வைச் சுரண்டி எடுக்கற டி அண்ட் சி பண்ணிருக்கேன். தெரியறதாலயே அடிக்கடி எனக்கு நானே ஸ்கேன் வெச்சுப் பாக்கத் தோணும், மெஷின் என் ரூம்லயே இருக்கு. வெக்கறதில்ல. இதுக்காக இன்னொரு மகப்பேறு டாக்டர்கிட்ட பேஷன்ட்டா பேர் பதிஞ்சிருக்கேன், அவங்க எப்போ பாக்கணும்னு சொல்றாங்களோ அப்போ போறேன்.

வேலையில ஓபியும் பகல் ஆபரேஷனும் மட்டும், நைட் டியூட்டி இன்னும் எடுக்கல. பிபி வலது கையில மட்டும்தான் பாக்க விடுறேன், ரத்தம் எடுக்கறதும் வலது கைதான், அக்குள் நெறி எடுத்த பக்கம் இடது கை வீங்கிடக் கூடாதுன்னு. ஜீன் டெஸ்ட் நெகட்டிவ், இருந்தாலும் தங்கச்சி மேமோகிராம் எடுத்துட்டா. எனக்கு அடுத்த மேமோகிராம் தை மாசம், ஆன்காலஜிஸ்ட் ஓபியில டோக்கன் போட்டாச்சு.