மோதிரம் மட்டும் லேசாகக் கழன்று வந்தது

கரைவலை இழுத்த மறுநாள் கை கடுக்காவிட்டால்தான் ஆச்சரியம். அதனால் முதலில் கண்டுகொள்ளவில்லை. மீன்பிடித் தடைக்காலம், ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடந்தது. மாமா கூப்பிட்டார் என்று நாலு நாள் வலை இழுத்தேன். அப்புறம் இரண்டு முன்கையும் இரண்டு கெண்டைக்காலும் ஒருசேர வீங்கின. ஒரு மாதத்தில் தோல் இறுகி, கமலாப்பழத் தோல் மாதிரி குழி குழியாகிவிட்டது.

ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணு 24 சதவீதம், இருக்க வேண்டியதைவிட மிக அதிகம். "வயித்துல பூச்சி" என்று மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. அடுத்து யானைக்கால் சந்தேகம். அந்தக் கிருமி ராத்திரியில்தான் ரத்தத்தில் நடமாடும் என்பதால் பத்து மணிக்கு மேல் விரலில் குத்தி எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடற்கரைக்காரன் வீங்கிய காலோடு போய் நின்றால் யாருக்கும் அதுதான் தோன்றும். ஆனால் நாலு கைகாலும் ஒரே அளவில் வீங்குவது யானைக்காலின் வழக்கம் இல்லையாம். அது எனக்கு மதுரையில்தான் தெரிந்தது.

அங்கே வாதநோய் டாக்டர் ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை. "மோதிரத்தைக் கழட்டுங்க" என்றார். லேசாக வந்தது. முன்கை மரக்கட்டை, விரலில் வீக்கமே இல்லை! குளிரில் விரல் வெளுக்குமா என்று கேட்டார். இல்லை என்றேன். கும்பிடச் சொன்னார், உள்ளங்கைகள் ஒட்டவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கியதும், பச்சை நரம்பு (ரத்தக்குழாய்) ஓடும் இடம் வாய்க்கால் போல உள்ளே பள்ளமாக விழுந்தது. அதை என் மனைவிக்கும் காட்டினார்.

"ஆட்டுக்கறிக்கு மேல வெள்ளையா ஜவ்வு இருக்கும்ல, அதுமாதிரி உங்க தசைக்கு மேல இருக்கறதுதான் வீங்கியிருக்கு."

ஏற்கெனவே ஓரிடத்தில் தோலை மட்டும் மேலாகக் கிள்ளிப் பரிசோதித்து ஒன்றுமில்லை என்றிருந்தார்கள். இவர் எம்ஆர்ஐ பார்த்துவிட்டு, தசை வரை ஆழமாக வெட்டி எடுக்கச் சொன்னார். அதில் தெரிந்தது: ஈசினோபிலிக் ஃபேசியைட்டிஸ், அதாவது அந்த ஜவ்வில் வரும் அழற்சி. ஷுல்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1974இல் விவரித்த நோய். ஏன் வருகிறது என்று சரியாகத் தெரியாதாம். சிலருக்குக் கடும் உடலுழைப்புக்குப் பிறகு தொடங்குமாம். மாமாவிடம் இதை நான் சொல்லவில்லை.

இப்போது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டுவிடக் கூடாது என்று மனைவி காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டமிட்டு வைத்திருக்கிறாள். வீக்கம் வடிந்துவிட்டது. கும்பிடும்போது மட்டும் உள்ளங்கைகளுக்கு நடுவே இன்னும் ஒரு விரல் நுழையும்.