பன்னிரண்டு வோல்ட்டும் பத்தொன்பது வோல்ட்டும்

எங்கள் வீட்டில் உள்ள ஒவ்வோர் அடாப்டரின் முதுகிலும் ஒரு துண்டு வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். அது எந்தக் கருவிக்கு உரியது, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அதன்மேல் கறுப்பு மார்க்கரால் எழுதியிருப்பேன். வயரின் மறுமுனையில், கருவிக்குள் செருகும் பின்னுக்குப் பக்கத்திலும் அதே எண் இருக்கும்; மேசைக்கடியில் கைவிட்டுத் துழாவும்போது அகப்படுவது அடாப்டர் அல்ல, பின்தான். இந்தப் பழக்கம் 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு தொடங்கியது.

அன்று மடிக்கணினியில் நிறைந்து கிடந்த படங்களை வெளிப்புற ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். மேசையை நகர்த்தியதில் வயர்கள் கழன்றுவிட்டன. கீழே இரண்டு அடாப்டர்கள் கிடந்தன. ஒன்று டிஸ்க்குக்கு உரியது, 12 வோல்ட், 2 ஆம்பியர். மற்றது மடிக்கணினிக்கு உரியது, 19 வோல்ட், 3.42 ஆம்பியர். இரண்டின் பின்னும் 5.5 மில்லிமீட்டர் விட்டம் கொண்ட உருளைதான். உள்துளையில் மட்டும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடு. அதுவும் பெரிய துளை உள்ள பின் சிறிய ஊசியின்மேல் தடையில்லாமல் உட்கார்ந்துவிடும். மடிக்கணினியின் பின்னை எடுத்து டிஸ்க்கில் செருகினேன். மெல்லிய ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து கருகிய வாடை, பிறகு விளக்கு அணைந்தது. அந்த டிஸ்க்கில் பன்னிரண்டு ஆண்டுப் படங்கள் இருந்தன. இறந்துபோன என் தந்தை, பேத்திக்குக் கதை சொல்லும் நாற்பது நிமிடக் குரல் பதிவும் அதில்தான் இருந்தது. வேறெங்கும் அதற்குப் பிரதி இல்லை.

மறுநாள் பெட்டியைப் பிரித்து, உள்ளிருந்த டிஸ்க்கை மட்டும் எடுத்து, மேசைக் கணினியில் நேரடியாக இணைத்துப் பார்த்தேன். கணினியே உயிர்பெறவில்லை. மின்விசிறி ஒரு கணம் அசைந்து நின்றுவிட்டது. டிஸ்க்கைக் கழற்றினால் கணினி ஒழுங்காக இயங்கியது. மாட்டினால் மறுபடியும் அதே நிலைமை. டிஸ்க் முற்றிலும் அழிந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம் என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில் அதுவே நல்ல அறிகுறி என்பது எனக்குத் தெரியாது. தரவுகளை மீட்டுத் தருவதாகச் சொன்ன ஓரிடத்தில் விசாரித்தபோது, திறந்து பார்ப்பதற்கு முன்பே பதினெட்டாயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள். அந்தத் தொகையைக் கொடுப்பதற்கும் மனம் துணிந்துதான் இருந்தது. ஆனால் அதற்குமுன் ஒருமுறை ரிச்சி தெருவில் கேட்டுவிடலாம் என்று மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தேன்.

சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்து சந்தாக எலெக்ட்ரானிக்ஸ் கடைகள்தாம். ஒரு ரூபாய் ரெசிஸ்டரும் கிடைக்கும், இலட்ச ரூபாய்க் கணினியும் கிடைக்கும். புதுப்பொருளை இன்று வீட்டில் இருந்தபடியே இணையத்தில் வாங்கிவிடலாம். அந்தத் தெருவில் நான் மதிப்பது மாடிப்படிகளுக்குக் கீழே ஆறடிக்கு நான்கடி இடத்தில் ஒரு மேசை விளக்கு, ஓர் உருப்பெருக்கி, ஒரு சால்டரிங் அயர்னுடன் உட்கார்ந்திருக்கும் மனிதர்களை. அப்படிப்பட்ட ஒருவரிடம் டிஸ்க்கைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "எத்தனை வோல்ட் கொடுத்தீங்க சார்?" பத்தொன்பது என்றேன். முகம் மலர்ந்து, "அப்போ பயப்படாதீங்க" என்றார்.

நட்சத்திரத் தலை உள்ள சின்னத் திருகுகளைக் கழற்றி, டிஸ்க்கின் அடியில் இருந்த பச்சைப் போர்டைப் புரட்டினார். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலைக்குத் திருப்பி, மின்சாரம் நுழையும் இடத்துக்கு அருகே இருந்த, அரிசியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புச் சதுரத்தின் இரு முனைகளிலும் முள்ளை வைத்தார். மீட்டர் விடாமல் கத்தியது; இரு முனைகளும் ஒன்றாக ஒட்டிவிட்டன என்று அதற்குப் பொருள். அதன் பெயர் டிவிஎஸ் டையோடு. மின்தடத்துக்கும் தரைக்கும் நடுவே அது வாயிற்காவலன் போல நிற்கிறது. 12 வோல்ட் வரும்வரை அது இருப்பதே தெரியாது. வோல்ட் எல்லை மீறியதும் பாய்ந்துவருவதை எல்லாம் தன் வழியாகத் தரைக்குத் திருப்பிவிடுகிறது. மீறல் நீடித்தால் அது உருகி, இரு முனைகளும் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கின்றன. 12 வோல்ட் தடம் தரையோடு நேரடியாக இணைந்துவிடுவதால், கணினியின் பவர் சப்ளை ஆபத்தை உணர்ந்து தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. என் மேசைக் கணினி இயங்க மறுத்ததற்கு இதுதான் காரணம்.

அவர் அந்த டையோடின் இரு பக்கமும் ஈயத்தைத் தாராளமாக ஏற்றிச் சூடாக்கி, இடுக்கியால் ஒரே நகர்த்தலில் எடுத்துவிட்டார். போர்டை மாட்டி மின்சாரம் கொடுத்ததும் டிஸ்க் சுழலத் தொடங்கியது. மெல்ல ஏறிச் சீராகும் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "இது தன்னைக் கொடுத்து டிஸ்க்கைக் காப்பாத்தியிருக்கு சார். இப்போ காவலுக்கு ஆள் இல்ல. வீட்டுக்குப் போனதும் முதல்ல எல்லாத்தையும் காப்பி எடுத்துருங்க" என்றார். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். கருகிய டையோடை ஒரு காகிதத்தில் மடித்து அவரே என் சட்டைப்பையில் போட்டார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்த வாரம் அதே தெருவில் ஒரு மல்டிமீட்டரும், வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய சால்டரிங் அயர்னும் வாங்கினேன். அதற்கு முன்பும் கருவிகளின் மேல் எனக்குப் பெருவிருப்பம் உண்டு. புதிதாக எந்தச் செல்பேசி வந்தாலும் அதன் பிராசசர் என்ன, ரேம் எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் அவற்றில் ஒன்றையேனும் திறந்து பார்த்ததில்லை. என் தந்தையிடம் இருந்த பழைய வால்வு ரேடியோவின் பின்மூடிக்குள் அதன் சுற்று வரைபடத்தையே ஒட்டியிருந்தார்கள். எங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக் அதைப் பார்த்துத்தான் பழுது நீக்குவார். செய்தவர்களே, ஒருநாள் இதை வேறொருவர் திறப்பார் என்று எதிர்பார்த்துச் செய்த பொருள் அது. அந்த எதிர்பார்ப்பு ஒரு பொருளில் இருக்கிறதா என்பதையே வாங்குவதற்கு முன் இப்போது நான் முதலில் பார்க்கிறேன்.

கற்றுக்கொண்ட காலத்தில் நான் கெடுத்தவையும் உண்டு. அவற்றில் என்னை மிகவும் வருத்தியது என் மனைவியின் செல்பேசி. திரை மட்டும்தான் உடைந்திருந்தது. காம்போ என்று கடைகளில் சொல்லும், கண்ணாடியும் டிஸ்பிளேயும் சேர்ந்த உதிரிபாகத்தை வாங்கிவந்து பொறுமையாக மாற்றினேன். மதர்போர்டை மூடியிருந்த தகட்டை மறுபடியும் பொருத்தும்போது, ஐந்து திருகுகளும் பார்வைக்கு ஒன்றாகவே இருந்தமையால் கைக்கு வந்த வரிசையில் முடுக்கினேன். அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சற்றே, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு, கூடுதல் நீளம். குட்டைத் திருகுக்கு உரிய துளையில் அது இறங்கி, அடியில் இருந்த போர்டுக்குள் புகுந்துவிட்டது. செல்பேசியின் மதர்போர்டு ஒற்றைப் பலகை அன்று. முடியிழை போன்ற செம்புத் தடங்கள் ஓடும் பல அடுக்குகளை ஒன்றாக அழுத்திச் செய்தது. மேலே அறுந்த தடத்தை ஒரு நுண்கம்பியால் இணைத்துவிடலாம். உள்ளடுக்கில் அறுந்ததற்கு வழியில்லை. திரை ஒளிர்ந்தது, விரல்பட்டால் எந்த அசைவும் இல்லை.

அன்றிலிருந்து எந்தக் கருவியைத் திறந்தாலும் முதலில் ஒரு வெள்ளைத்தாளில் அதன் உருவத்தை வரைந்துகொள்கிறேன். தாளின்மேல் இருபக்கப் பசை நாடாவை ஒட்டி, கழற்றும் ஒவ்வொரு திருகையும் அது இருந்த இடத்திலேயே நட்டுவைத்து, பக்கத்தில் எண் எழுதுகிறேன். எண்களின் இறங்குவரிசையில் மாட்டினால் தவறு நேர இடமில்லை. அதேபோல் செல்பேசியைத் திறப்பதற்கு முன் பேட்டரியின் சார்ஜைக் கால்பங்குக்குக் கீழே இறக்கிவிடுவேன். லித்தியம் பேட்டரியில் எதிர்பாராமல் கத்திமுனை பட்டுவிட்டால், அது எவ்வளவு நிறைந்திருக்கிறதோ அவ்வளவு கொடுமையாக எரியும். உப்பிய பேட்டரியை எக்காரணம் கொண்டும் நெம்பவோ குத்தவோ கூடாது. உப்பலுக்குக் காரணம், உள்ளே மின்பகுபொருள் சிதைந்து உண்டான வாயு; அதை வெளியேற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதைக் கேட்டு யாரும் முயற்சி செய்துவிடாதீர்கள்.

வாங்குவதிலும் ஏமாந்திருக்கிறேன். 2014இல் நடைபாதைக் கடை ஒன்றில் 64 ஜிபி மெமரி கார்டு ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. செல்பேசியில் போட்டால் 64 என்றே காட்டியது. உண்மையில் உள்ளே இருந்தது 8 ஜிபிதான். கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லைப் பொய் சொல்லும்படி மாற்றியிருக்கிறார்கள். எட்டு நிறைந்த பிறகு எடுத்த படங்களுக்குப் பெயர் இருந்தது, அளவு இருந்தது, திறந்தால் சாம்பல் நிறம் மட்டுமே வந்தது. ஒரு முழுக் கொடைக்கானல் பயணம் அப்படிப் போயிற்று. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுவதும் தரவை நிரப்பி, பிறகு அதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கிறது. லினக்ஸில் எஃப்3 அதே வேலையைச் செய்கிறது. எவ்வளவு பெரிய கடையில் வாங்கினாலும் இந்தச் சோதனை முடியாமல் எந்தக் கார்டிலும் ஒரு படம்கூட நான் வைப்பதில்லை.

கெட்டுப்போனதைவிட, சரிசெய்யவே விடாத பொருள்தான் என்னைக் கோபப்படுத்துகிறது. இரண்டு ஆண்டு பயன்படுத்திய வயரில்லா இயர்பட்ஸ் ஒன்று, ஐந்து மணிநேரம் பாடியது போய் நாற்பது நிமிடத்தில் அணையத் தொடங்கியது. ஒலிபெருக்கி நன்றாக இருந்தது, மைக் நன்றாக இருந்தது, புளூடூத் நன்றாக இருந்தது. பட்டன் அளவு பேட்டரி மட்டும் முதுமை அடைந்துவிட்டது. அதை எட்டுவதற்கு வழியே இல்லை. திருகு இல்லை, கொக்கி இல்லை, இரு ஓடுகளையும் பசைபோட்டு ஒட்டியிருந்தார்கள். வெப்பக்காற்று கொடுத்து நெம்பியபோது ஓடு பிளந்ததே தவிர மூட்டு விடவில்லை. முதுமையடைவது உறுதி என்று செய்தவருக்கே தெரிந்த ஓர் உறுப்பை, யாரும் தொடமுடியாத இடத்தில் வைத்துப் பூசிவிடுவது நியாயமே அன்று. இப்போது நான் பயன்படுத்துவது வயர் உள்ள ஹெட்போன். வயர் அறுந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம், காதுப் பஞ்சையும் மாற்றலாம்.

இந்த அநியாயம் எனக்கு மட்டும் உறைப்பதாக இல்லை. பிரான்சில் 2021ஆம் ஆண்டு சனவரியில் செல்பேசி, மடிக்கணினி முதலியவற்றின் விலைக்குப் பக்கத்திலேயே, பழுதுநீக்க அவை எவ்வளவு எளியவை என்று பத்துக்கு மதிப்பெண் போடத் தொடங்கினார்கள். சிறுகருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற இயல வேண்டும் என்னும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வரவேண்டியது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் தேசிய நுகர்வோர் நாளன்று பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தை அரசு தொடங்கியது. நிறுவனங்கள் தங்கள் கையேடுகளையும் உதிரிபாக விவரங்களையும் ஒரே இடத்தில் தருவதற்கான ஏற்பாடு அது. தொடக்கமாக இதை வரவேற்கிறேன். ஆனால் கையேடு கிடைத்தால் மட்டும் போதாது. ஒரு சார்ஜிங் போர்டு தேவைப்படும்போது அசல் பாகம் நியாயமான விலையில், மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அந்த அண்ணனுக்கும் கிடைக்க வேண்டும். இன்றைக்கு அவர் பழைய செல்பேசிகளை எடைக்கு வாங்கி, அவற்றிலிருந்து உறுப்புகளைக் கழற்றித்தான் பிறருடையதைப் பிழைக்க வைக்கிறார்.

இப்போது என் மேசையில் திறந்து கிடப்பது மகளின் டேப்லட். சார்ஜ் வயரை ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டுமே ஏறுகிறது. முதலில் பல்குத்தும் குச்சியால் துளைக்குள் அடைந்திருந்த பஞ்சை எடுத்துப் பார்த்தேன். பாதிப் பழுதுகள் அதிலேயே தீர்ந்துவிடும், இது தீரவில்லை. நல்லவேளையாக இதைச் செய்தவர்கள் சார்ஜிங் பின்னைப் பெரிய போர்டில் வைக்காமல், தனியாகக் கழலும் சிறிய போர்டில் வைத்திருக்கிறார்கள். ஒரு பட்டை வயரைப் பிடுங்கி, மூன்று திருகுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடுகிறது. புதியதன் விலை இருநூற்று ஐம்பது ரூபாய். நாளை மாலை வந்து சேரும் என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. திருகுத்தாளில் எண் போடும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு திருகையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பக்கத்துத் திருகோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் நாடாவில் நடுகிறாள். ஆறாவது திருகை மட்டும் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, அதன் எண்ணுக்குப் பக்கத்தில், "இது கொஞ்சம் நீளம்" என்று எழுதி வட்டமிட்டிருக்கிறாள்.