தையலுக்கு ஸ்டீம் அயர்ன் பாக்ஸ்: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சட்டை தேய்க்கிற அயர்ன் பாக்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிற பாக்ஸ் பெரும்பாலும் சும்மா நிற்கும். ஒரு தையல் ஓட்டி, அதை ஒரு அழுத்து அழுத்தி, நிமிர்த்தி வைத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினால் ஐந்து, பத்து நிமிஷம் கழித்துத்தான் மறுபடி கையில் எடுப்போம். சொட்டுவது, ஆறிப்போவது, தானே அணைவது என்று எல்லாத் தொல்லையும் அந்த இடைவெளியில்தான் ஆரம்பம். நிமிஷத்துக்கு இத்தனை கிராம் ஸ்டீம் என்று அட்டையில் போட்டிருப்பதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

முதலில் பிளக்கைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 1250 வாட் பாக்ஸ் சுமார் ஐந்தரை ஆம்பியர் இழுக்கும். வீட்டிலிருக்கும் 6 ஆம்பியர் பாயின்ட் தாங்கும். 2000 வாட் என்றால் எட்டே முக்கால் ஆம்பியர் ஆகிவிடும்; 16 ஆம்பியர் பாயின்ட் இல்லாமல் அதை வாங்கக் கூடாது. மெஷினும் ஃபேனும் செருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இதையும் செருகினால் முதலில் ஒயர் சூடாகும், அப்புறம் பிளக் கருகும். வோல்டேஜ் இறங்கும் ஊர்களுக்கு இன்னொரு கணக்கு: 190 வோல்ட்டில் 1250 வாட் பாக்ஸ் ஏறக்குறைய 850 வாட்தான் தரும். சூடு ஏற நேரமாகும், ஸ்டீம் விட்டதும் அடித்தட்டு சட்டென்று ஆறும். அந்த நேரத்தில் ஸ்டீமை மூடிவிட்டு, துணியில் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பதே மேல்.

தானாக அணையும் வசதி உள்ள பாக்ஸ்கள் பெரும்பாலும் படுக்க வைத்தால் 30 விநாடியிலும், நிமிர்த்தி வைத்தால் 8 நிமிஷத்திலும் அணையும். ஜாக்கெட் தைக்கிறவருக்கு அது எரிச்சல். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சொட்டுவதற்கு வருவோம். தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுச்சொட்டாகத் தட்டுக்குள் இருக்கும் அறையில் விழுந்து ஆவியாகிறது. தட்டு போதிய சூட்டில் இல்லையென்றால் விழுந்த தண்ணீர் தண்ணீராகவே வெளியே வரும், உள்ளே படிந்திருக்கும் உப்பையும் சேர்த்துக்கொண்டு. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகை ஒரு புள்ளியில் வைத்து ஸ்டீம் கேட்டால் இப்படித்தான் ஆகும். ஒரு புள்ளி என்பது 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200 என்ற அளவுக்கு உட்பட்ட சூடு. பல பாக்ஸ்களில் இரண்டு புள்ளிக்கு மேல் போனால்தான் ஸ்டீம் ஒழுங்காக வரும். பட்டன் ஸ்டீமைப் படபடவென்று நாலைந்து தடவை அழுத்தினாலும் தட்டு ஆறிச் சொட்டும். சும்மா நின்ற பாக்ஸை எடுத்ததும் முதல் இரண்டு ஆவியைப் பழைய துணியில் விடுங்கள். வெள்ளை லைனிங்கில் பழுப்புக் கறை விழாது. ஸ்டீமை முழுதாக மூட முடிகிற பாக்ஸா என்பதைக் கடையிலேயே திருப்பிப் பாருங்கள். மூட முடியாததைத் தையலுக்கு வாங்க வேண்டாம்.

மதுரைப் பக்கம் போர் தண்ணீர் எப்படியென்று வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைதான் பாக்ஸின் துளைகளை அடைக்கிறது. கொதிக்கவைத்து ஆறவைத்தால் உப்பில் ஒரு பகுதிதான் போகும். ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை. இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இன்னும் நல்லது. ஆனால் கேன் லேபிளைப் படித்து வாங்குங்கள், ஆசிட் கேனும் அதே அலமாரியில்தான் இருக்கும். ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் உப்பு இல்லை, தூசியும் பாசியும் இருக்கிறது, வேண்டாம். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். செல்ஃப் கிளீன் பட்டன் இருந்தால் மாதம் ஒரு தடவை தொட்டியை நிரப்பி, முழுச் சூடு ஏற்றி, பிளக்கைக் கழற்றி, சிங்க்கின் மேல் படுக்கையாகப் பிடித்து அழுத்தி ஆட்டுங்கள். கொதிநீர் தெறிக்கும், கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டு கேன்வாஸ் (சூட்டில் பசை உருகித் துணியோடு ஒட்டும் உள்துணி) போடுகிறவர்கள் அடித்தட்டைத் திருப்பிப் பார்ப்பது அவசியம். துளை இருக்கும் இடத்தில் சூடும் இல்லை, அழுத்தமும் இல்லை. கழுத்துக்குக் கேன்வாஸ் ஒட்டும்போது அந்த இடங்களில் பசை உருகாமல், ஒரு துவைப்புக்குப் பிறகு கொப்புளமாக எழும்பும். தட்டை இழுக்காமல் 10 முதல் 15 விநாடி அழுத்தி, தூக்கி, அரைத் தட்டு நகர்த்தி, மறுபடி அழுத்தினால் துளை விழுந்த இடமும் ஒட்டிவிடும். ஆறும்வரை துணியைத் தொடக் கூடாது. துளைகள் முன்பக்கம் மட்டும் இருக்கும் தட்டு இந்த வேலைக்கு வசதி. மூக்கு கூராக இருந்தால் டாட் (உடல் வடிவுக்குப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) முனைக்கும் கை இடுக்குக்கும் போகும்.

துண்டுத் துணி சேர்த்துப் போர்வை தைக்கிறவர்களுக்கு ஸ்டீமே பாதி எதிரி. கால் அங்குலம் விட்டுத் தைத்த சதுரத்தை ஈரச் சூட்டில் இழுத்துத் தேய்த்தால், மூலைவாட்டாக வெட்டிய ஓரம் நீண்டு சதுரம் கோணும். பாக்ஸை வைத்து எடுக்க வேண்டும், ஓட்டக் கூடாது. தையலை முதலில் மூடியபடியே ஒரு தடவை அழுத்தி, பிறகு விரித்து, தையலுக்கு உள்ளே விட்ட துணியை அடர்நிறப் பக்கம் சாய்த்து அழுத்துங்கள். ஆவி விட்ட கையோடு ஒரு வழவழப்பான மரக்கட்டையை மேலே வைத்தால், கட்டை ஈரத்தை உறிஞ்சித் தையலைத் தகடாகப் படியவைக்கும். மெத்து மெத்தென்ற ஸ்டாண்டை விட, மேஜை மேல் மடித்த கம்பளியும் அதன் மேல் பருத்தித் துணியும் சரி.

சுங்குடி வெட்டுத்துணி சேர்ப்பவர்கள் முதலில் நனைத்துக் காயப்போட வேண்டும். சாயத்துக்காக முடிச்சுப் போட்ட இடம் சுருங்கி நிற்கும். நீவாமல் அளந்து வெட்டினால் அளவு பிசகும். வெட்டுவதற்கு முன் ஸ்டீம் நன்றாகக் கொடுக்கலாம், வெட்டிய பிறகு குறைத்துக்கொள்ளுங்கள். சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். அடர் சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளை வந்தால் ஆவியிலேயே சாயம் தாவிவிடும். ஜரிகை ஓரத்தின் மேல் நேரடியாக வைக்காமல் ஒரு மல் துணி போடுங்கள்.

தினம் கட்டுக்கட்டாக ஜாக்கெட் தைக்கிறவர்களுக்கு, தண்ணீர் பாட்டில் மேலே தொங்கும் கடை பாக்ஸ்தான் சரி. தொட்டி பாக்ஸிலேயே இல்லாததால், தண்ணீர் ஊற்ற அடிக்கடி வேலையை நிறுத்த வேண்டியதில்லை. பாட்டிலைத் தலைக்கு மேல் உயரத்தில் கொக்கியில் மாட்ட வேண்டும், தாழ்ந்தால் தண்ணீர் சரியாக வராது. பாட்டிலுக்குள் போடும் உப்பு நீக்கும் மணிகள் நிறம் மாறினால் மாற்ற வேண்டும். கூடவே டெஃப்லான் ஷூ, அதாவது அடித்தட்டின் மேல் மாட்டும் உறை, கேளுங்கள். அடர்நிறத் துணி பளபளத்துப்போகாது. ஷூ மாட்டினால் தட்டின் சூடு துணிக்குக் குறைவாகவே போய்ச் சேரும் என்பதால், கேன்வாஸ் ஒட்டும்போது மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள்.