கிணற்றுக் கட்டில் நிற்கிறவரின் குறிப்புகள்

ஓகஸ்ட் 4, திங்கள்
உரும்பிராய்த் தோட்டக் கிணறு. ஆழம் 24 அடி, அடியில் 5 அடி தண்ணீர். இறைத்துச் சேறு அள்ள வேணும்.
தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் மெசின் 20, 22 அடிக்குக் கீழே உறிஞ்சத் திணறும். தண்ணீர் வற்ற வற்ற மெசினையும் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குகிற வழக்கம் அதனால்தான். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. தலையிடி தெரியவரும்போது கால் சோர்ந்திருக்கும், ஏற முடியாது.
ஆகவே தண்ணீருக்குள் இறக்குகிற சப்மேர்சிபிள் மோட்டர், மின் கசிந்தால் தானே நிறுத்தும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச்சோடு. ஆள் இறங்க முன் பிளக்கைக் கழற்றுவது. ஜெனரேற்றர் 30 அடி தள்ளி, வடகிழக்கில். இப்போது சோளகம் என்ற தென்மேற்குக் காற்று, புகை அப்பால் போய்விடும்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்
தண்ணீர் இறைத்தாயிற்று. முதலில் நீளத் தடியால் சேற்றைக் கலக்கினோம். அடங்கிக் கிடக்கிற வாயு, ஆள் மிதிக்கும்போதுதான் கிளம்பும். பிறகு வாயு அளக்கிற மீற்றரைக் கயிற்றில் விட்டு மேல், நடு, அடி என இவ்விரண்டு நிமிடம். ஒட்சிசன் மேலே 20.9 வீதம், அடியில் 18.4. 19.5க்குக் குறைந்தால் ஆள் இறங்குவதில்லை.
அந்த நேரம் பார்த்து வாளி கழன்று விழுந்தது. "ரெண்டு நிமிசம்தானே அண்ணை, எடுத்திட்டு வாறன்" என்றான் வேலைக்கு வந்த பெடியன். இதற்கு இல்லை என்று சொல்லத்தான் மேற்பார்வையாளர். வாளி கிடக்கட்டும்.
விளக்கு இறக்கிப் பார்க்கிற பழைய முறையை நம்பக்கூடாது. ஒட்சிசன் 16 வீதமளவுக்கு இறங்கும்வரை சுடர் எரியும். காபனோரொட்சைட்டு அதற்குத் தெரியவே தெரியாது.
காற்று ஊதுகிற புளோவர்க் குழாயைச் சேற்றுக்கு 2 அடி மேலே பிடித்து 20 நிமிடம் ஓட்டியபின் 20.8.

ஓகஸ்ட் 6, புதன்
ஜெனரேற்றர் பழுது. புளோவர் இல்லை, இறக்கமும் இல்லை.

ஓகஸ்ட் 7, வியாழன்
கீழே ஒருவர் விழுந்தால் காப்பாற்ற இறங்கியவரும் அவர் பக்கத்திலேயே விழுவார். இழுப்பது மேலிருந்துதான்: முழு உடல் பட்டி, முக்காலி, கயிறு சுற்றி இழுக்கிற வின்ச். வாளிக் கயிறு ஆளுக்கு ஆகாது. கிணற்றுக் கட்டில் நிற்கிறவர் தேத்தண்ணிக்கும் நகரக்கூடாது. 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு யார் அழைப்பது என்று இன்றே ஆளைக் குறித்தாயிற்று.
"நிப்பாட்டு" என்று யார் சொன்னாலும் வேலை நிற்கும், அன்றைய சம்பளம் முழுதாகக் கிடைக்கும். வெட்டினால் அடுத்தமுறை ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.
70 கிலோ மண்மூட்டையைத் தூக்கிப் பார்த்தோம். முதல் தடவை கொக்கி சிக்கி 4 நிமிடம். மூன்றாம் தடவை 1 நிமிடம் 20 செக்கன். நாளை காலை மீற்றர் சரியென்றால் இறக்கம்.