1,800 வரி யமல் கோப்பைப் பிரித்தபோது

கிளிநொச்சியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்துவரும் நீர்ப்பாசனப் பதிவுத் திட்டத்தின் ஏபிஐ விவரிப்பு (செயலியும் சேர்வரும் எப்படித் தரவு பரிமாற வேண்டும் என்று ஓப்பன்ஏபிஐ என்னும் பொதுத்தரத்தில் எழுதிய வரையறை) முழுவதும் தொடக்கத்தில் ஒரே யமல் கோப்பில்தான் (தரவை எளிய உரையாக எழுதும் வடிவம்) இருந்தது. கமக்காரர், காணி, வாய்க்கால், போகம், துருசு (மதகு) திறக்கும் முறை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து அது 1,800 வரிகளைத் தாண்டியபின், இருவர் ஒரே நாளில் அதில் கைவைத்தால் மாலைப்பொழுது முழுவதும் கிட்டில் (பலர் செய்யும் கோப்பு மாற்றங்களைப் பதிந்து இணைக்கும் கருவி) மோதல் தீர்ப்பதிலேயே கழிந்தது. சேர்வருக்கான டைப்ஸ்கிரிப்ட் மொழி வகைகளையும் கைப்பேசிச் செயலிக்கான கொட்லின் மொழிக் கிளாஸ்களையும் ஓப்பன்ஏபிஐ ஜெனரேட்டர் என்ற கருவி அந்தக் கோப்பிலிருந்தே உருவாக்கியது.

முதலில் பாதைகள் (செயலி சேர்வரிடம் கோரும் முகவரிகள்) ஒரு கோப்புறை, ஸ்கீமாக்கள் (தரவின் அமைப்பைச் சொல்லும் வரையறைகள்) ஒரு கோப்புறை என்று பிரித்தேன். உடனே பாதி றெஃப்கள் (வேறிடத்திலுள்ள வரையறையைச் சுட்டும் இணைப்புகள்) அறுந்தன. சார்புமுகவரி மூலக்கோப்பிலிருந்து அல்ல, அந்த றெஃப் எழுதப்பட்டிருக்கும் கோப்பிலிருந்தே கணக்கிடப்படும் என்பதை நான் மறந்திருந்தேன். அதைவிட, துருசு தொடர்பான சிறு மாற்றத்துக்கும் நான்கு கோப்புகளைத் திறக்க வேண்டியிருந்தது. ஆகவே இரண்டாம் முறை விடயவாரியாகப் பிரித்தேன்: வாய்க்காலின் பாதைகளும் ஸ்கீமாக்களும் ஒரே இடத்தில் இருக்கும், திகதி, பக்கமிடல், பிழைச்செய்தி ஆகிய மூன்றும் மட்டும் பொதுக் கோப்புறையில் இருக்கும். (பொது என்று பெயர் வைத்தால் ஒழுங்கை மூலையைப்போல ஆளாளுக்கு எதையாவது கொண்டுவந்து போடுவார்கள், ஆகவே நான்காவதாக எதையும் சேர்க்க விடுவதில்லை.)

கூடுதலாக அலைக்கழித்தவை பெயரற்ற உட்பொருள்கள்தான். காணி விபரம் இரண்டு பதில்களுக்குள் நேரடியாக எழுதப்பட்டிருந்ததால், ஜெனரேட்டர் தானே பெயர் சூட்டி ஒரே காணிக்கு இரண்டு கிளாஸ்களை உருவாக்கியிருந்தது. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கென்றே எங்களில் ஒருவர் கையால் ஒரு பங்ஷன் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு ஸ்கீமாவையும் மூலக்கோப்பில் பல இடங்களில் பயன்படும் வரையறைகளுக்கான கொம்பொனன்ட்ஸ் பகுதியில் பெயரோடு பதிந்து, எல்லாக் கோப்புகளையும் முதலில் ஒரே கோப்பாகக் கட்டி, அதன் பிறகே ஜெனரேட்டருக்குக் கொடுத்தபோது அந்த பங்ஷனை அழிக்க முடிந்தது.

பரீட்சார்த்தமாக ஓடிய முதல் வாரத்தில் தம்பி ஒருவர் வயற்கரையிலிருந்து அழைத்தார். "அண்ணை, துருசு திறக்காத வாய்க்காலைத் தொட்டவுடனே செயலி தானா மூடுது." கடைசி நீர்த்திறப்பு வெறுமையாக இருக்கலாம் என்பதை நான் றெஃப்புக்குப் பக்கத்திலேயே நள்ளபிள் என்று எழுதியிருந்தேன். ஆனால் ஓப்பன்ஏபிஐ 3.0 இல் றெஃப்போடு சேர்த்து எழுதப்படும் எதுவும் கணக்கில் எடுக்கப்படாது. அதனால் கொட்லின் கிளாஸில் அது வெறுமையை ஏற்காத கட்டாயப் புலமாகவே உருவாகியிருந்தது. அந்தப் புலத்தைக் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, திறப்பு நிகழாதபோது சேர்வர் அதை அனுப்பாமலே விடும்படி மாற்றினோம்.

ஸ்கீமாவில் றெஃப்போடு பிற பண்புகளையும் எழுத 2021 இல் வெளிவந்த 3.1 இடமளிக்கிறது. சிறுபோகப் பதிவு முடியும் வரை அதற்கு மாறுவதில்லை என்று மூவரும் முடிவு செய்திருக்கிறோம்.