அந்த ஒரு ‘ம்’

தொலைபேசியில் நான் ‘ம்’ என்றேன். அவன் கோப்பை அழித்துவிட்டான். நடந்தது இவ்வளவுதான். ஓர் ஆண்டாகியும் அந்த ‘ம்’ என் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

மூன்றாம் நிலைச் சூறாவளி எச்சரிக்கை விடுத்திருந்த இரவு. வாடிக்கையாளர்களின் சர்வர்களை நானும் அவனும் பார்த்துக்கொள்ளும் எபேன் அலுவலகத்துக்கு யாரும் போக முடியாது. நான் என் வீட்டில், அவன் ரோஸ் ஹில்லில் அவன் வீட்டில். மொரிஷியஸில் பல தலைமுறையாக வேரூன்றிய குடும்பம், வீட்டில் கிரியோல்தான். தமிழ் பள்ளிக்கூடத்தில் கற்றது. ஆனாலும் என்னிடம் விடாப்பிடியாகத் தமிழில்தான் பேசுவான், பாடப்புத்தகம் வாய் திறந்ததுபோல. எனக்கு அது பிடிக்கும்.

“வார் பகுதி நூறு சதவீதம் நிரம்பிவிட்டது ஐயா. பதிவுக் கோப்பு ஒன்று 18 ஜிபி இருக்கிறது. நீக்கலாமா?”

வார் என்பது சர்வர் தன் பதிவுகளை எழுதிவைக்கும் வட்டுப் பகுதி. அப்போது நான், வட்டில் மிச்சம் எவ்வளவு என்று சொல்லும் விஜிஎஸ் கட்டளை காட்டிய வரியைப் படித்துக்கொண்டிருந்தேன். பகுதிகளுக்கு இடம் பிரித்துக் கொடுக்கும் வால்யூம் குரூப்பில் இன்னும் 40 ஜிபி யாருக்கும் ஒதுக்காமல் கிடந்தது. பகுதியை நீட்ட எல்விஎக்ஸ்டெண்ட் என்று ஒரே கட்டளை; மைனஸ் ஆர் சேர்த்தால் ஃபைல் சிஸ்டமும் கூடவே விரிந்துகொள்ளும், எதையும் நிறுத்த வேண்டியதில்லை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த ‘ம்’ வந்துவிட்டது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கதை கேட்பவர்கள் உம் கொட்டுவார்களே, அந்த ‘ம்’. அவன் கற்ற தமிழில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

இப்படிச் சொல்லிக்கொண்டால் தூக்கம் வருகிறது. சில நாள் வருவதில்லை.

ஏனென்றால் அந்த நொடியில் கோப்பு போய்விடவில்லை. யூனிக்ஸில் ஆர்எம் என்ற நீக்கும் கட்டளை அழிப்பது பெயரைத்தான். ஓடிக்கொண்டிருக்கும் நிரல், அதாவது ஏதாவது ஒரு புரோசஸ், கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை உள்ளடக்கம் வட்டிலேயே இருக்கும். அதனால்தான் பெயருள்ள கோப்புகளைக் கூட்டிக் காட்டும் டியு இடம் காலி என்றது, வட்டின் இருப்பைக் காட்டும் டிஎஃப் அதே நூறில் நின்றது. “நீக்கினேன், ஆனால் இடம் கிடைக்கவில்லை ஐயா” என்றான். கோப்பை யார் திறந்து வைத்திருப்பது என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். சேவையை ஓட்டும் ஜாவா நிரல் பிடித்துக்கொண்டிருந்தது. பகுதியை நீட்டிவிட்டு, ஓடும் நிரல்களின் விவரம் கிடக்கும் புரோக் அடைவில் அந்த ஜாவாவின் எண்ணுக்குக் கீழே போய் நகலெடுத்திருந்தால் கோப்பு மீண்டிருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே நடத்தும் பாடம் அது.

“சேவையை நிறுத்தித் தொடங்கவா ஐயா?”

“செய்.”

சேவை நின்றது, ஜாவா பிடியை விட்டது, கோப்பும் போனது. இதில் ‘ம்’ எங்கே இருக்கிறது?

காற்று கதவை உலுக்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் எந்நேரமும் போகலாம். வாடிக்கையாளர் இன்னொரு இணைப்பில் கத்திக்கொண்டிருந்தார். எல்லாம் உண்மை. இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டம் வழக்கமாக ஐந்து சதவீத இடத்தை நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும் என்பதும் உண்மை. ஜாவாவுக்குத்தான் மூச்சு முட்டியது, எங்களுக்கு இல்லை. பத்து நிமிடம் பொறுத்திருக்கலாம்.

அந்தக் கோப்பு ஏன் வேண்டும் என்றால், இரண்டு நாள் முன்பு நினைவகம் தீர்ந்து, இயங்குதளத்தின் கருவான கெர்னல் தரவுத்தளத்தைக் கொன்றிருந்தது. நினைவகம் தீரும்போது கெர்னல் ஏவும் ஓஓஎம் கில்லர் பெரும்பாலும் அதிகம் தின்பவனைத்தான் பிடிக்கும், திடீரென்று ஊதியவனை அல்ல. யாரைக் கொன்றது என்பதைக் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிஎம்எஸ்ஜி சொல்லிவிட்டது. ஜாவா ஏன் ஊதியது என்பது அந்த 18 ஜிபிக்குள் இருந்தது. கடைசி வரை தெரியவில்லை. நினைவகத்தைக் கூட்டினார்கள், பிரச்சினை வரவில்லை. தீர்ந்ததா, தள்ளிப்போனதா என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

அறிக்கையில் ‘கோப்பு நீக்கப்பட்டது’ என்று எழுதினேன். செயப்பாட்டு வினையில் செய்தவன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பொய்யும் இல்லை. ஆனால் கட்டளை வரலாற்றில் அவன் பெயர் இருந்தது. மேலாளர் அதைப் பார்த்துக்கொண்டார். ‘செய்’ எந்த வரலாற்றிலும் பதிவாகவில்லை. அவனும் சொல்லவில்லை. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கிறான், அந்தப் பொறுமை என்று நினைத்தேன். விரதம் முடிந்த பிறகும் சொல்லவில்லை.

போன வாரம் வேறொரு சர்வர். அவன் விளக்கிக்கொண்டே வந்தான், நான் பழக்கத்தில் ‘ம்’ என்றேன். மறுமுனை அமைதியானது.

“ஐயா, ஆம் என்கிறீர்களா, கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா?”

“கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்றேன்.

“நன்றி ஐயா” என்றான். அது பணிவா குத்தலா என்று அந்தப் பாடப்புத்தகத் தமிழில் எனக்குப் பிடிபடவில்லை.